பாயிரமும் பத்துக் குற்றமும்: பினாங்கைப் பற்றித் தேடுபொறிக்கென எழுதப்படும் தமிழ் உரைநடை – ஒரு திறனாய்வு

முன்னுரை

பினாங்கு மாநிலத் தலைநகராகிய ஜோர்ஜ் டவுன், மலாக்காவுடன் இணைந்து 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நகரின் கோயில்கள், தெருக்கள், உணவுக் கடைகள், திருவிழாக்கள் ஆகியவற்றை அறிமுகப்படுத்தும் இணையப் பக்கங்கள் இன்று ஆங்கிலத்திலும் மலாயிலும் மிகுந்துள்ளன, தமிழிலும் எழுதப்படுகின்றன. இவற்றுள் பல மனித வாசகரை மட்டும் எண்ணி எழுதப்பட்டவை அல்ல. கூகுள் போன்ற தேடுபொறிகளின் முடிவுப் பட்டியலில் முன்னிடம் பெறுவதே அவற்றின் முதல் நோக்கம். ஓர் இணையத்தளம் அவ்வாறு முன்னிடம் பெறுமாறு அதன் சொற்களையும் தலைப்புகளையும் அமைப்பையும் சீர்செய்யும் தொழிலே தேடுபொறி உகப்பாக்கம் எனப்படுகிறது.

இத்தொழிலைக் கணினித் துறையினரும் வணிகத் துறையினரும் ஆராய்ந்துள்ளனர். ஆயின் அது ஓர் உரைநடை வகையையும் உருவாக்கியுள்ளது. அவ்வுரைநடையை அளக்கும் கோல் தமிழ் மரபிலேயே உண்டு. நூலுக்கு அமைய வேண்டிய பாயிரத்தையும் நூலிடத்து நிகழக்கூடாத பத்துக் குற்றங்களையும் நன்னூல் வகுத்துரைக்கிறது. தேடுபொறி உகப்பாக்கத்தில் ஏற்கத்தக்கது பாயிரத்தின் பாற்படும். தள்ளத்தக்கது பத்துக் குற்றத்தின் பாற்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பாயிரமும் பக்கத் தலைப்பும்

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில், தானியங்கி நிரல்களைக் கொண்டு இணையப் பக்கங்களைச் சென்று படிக்கிறது. இரண்டாவதாக, படித்தவற்றைச் சொல்லடைவாக்கிச் சேமிக்கிறது. மூன்றாவதாக, ஒருவர் தேடும் சொல்லுக்கு ஏற்ற பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுவனவற்றின் மதிப்பு எத்தகையது என்பதைக் கொண்டு வரிசையிடும் முறையைச் செர்கே பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும் 1998ஆம் ஆண்டு வெளியிட்டனர். சான்றோர் பலரால் மேற்கோள் காட்டப்படும் நூலை நாம் மதிப்பது போன்றதே அது.

பக்கத்திற்குத் தெளிவான தலைப்பு இடுதல், உள்ளடக்கத்தைச் சில வரிகளில் சுருக்கி உரைத்தல், எழுதியவர் பெயரையும் நாளையும் தருதல், படத்திற்கு விளக்கம் எழுதுதல் ஆகியன இத்தொழிலின் அடிப்படை விதிகள். தமிழாசிரியர்க்கு இவை புதியன அல்ல. நூலின் பெயர் யாது, செய்தவர் யார், எது கூறப்படுகிறது, யாருக்காகக் கூறப்படுகிறது, கற்பதனால் விளையும் பயன் யாது என்பவற்றைச் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. பாயிரம் இல்லாத நூல் எத்துணை விரிந்ததாயினும் நூலாகாது என்று கருதிய மரபினர், தலைப்பும் சுருக்கமும் இல்லாத இணையப் பக்கம் கண்டறியப்படாமற் போவதை எளிதில் உணர்வர்.

கூறியது கூறல்

இனிக் குற்றங்களுக்கு வருவோம். தொடக்ககாலத் தேடுபொறிகள் ஒரு சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதைப் பெரிதும் கணக்கிட்டன. எனவே திறவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் பெய்து எழுதும் வழக்கம் ஆங்கிலத்தில் தோன்றி, பின்னர் தமிழுக்கும் வந்தது. அத்தகைய உரைநடையின் போக்கைக் காட்டுவதற்காக அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஒன்று வருமாறு:

“பினாங்கு முருகன் கோயில் பினாங்கு மாநிலத்தின் சிறந்த முருகன் கோயில் ஆகும். பினாங்கு முருகன் கோயில் செல்ல விரும்பினால், இந்த பினாங்கு முருகன் கோயில் வழிகாட்டி உங்களுக்கு உதவும்.”

இரண்டு தொடர்களில் ஒரே சொற்கோவை மூன்று முறை வருகிறது. இது கூறியது கூறல். கோயில் எங்குள்ளது, எப்போது எழுந்தது, யாரால் வழிபடப்படுகிறது என்பன பற்றி ஒரு செய்தியும் இல்லை. இது வெற்றெனத் தொடுத்தல். படித்து முடித்தவர்க்குப் பயன் யாதும் விளையாமையின் நின்று பயனின்மையும் உடன் சேர்கிறது.

இக்குற்றத்தைத் தேடுபொறி நிறுவனங்களே கடிந்துள்ளன. பக்கத்தின் மறைவுக் குறிப்பில் இடப்படும் திறவுச்சொற்பட்டியலைத் தாம் வரிசையிடுதற்குப் பயன்படுத்துவதில்லை எனக் கூகுள் 2009ஆம் ஆண்டு அறிவித்தது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘பாண்டா’ எனப்பட்ட மாற்றத்தின்வழி உள்ளீடற்ற பக்கங்களைக் கீழிறக்கியது. 2012ஆம் ஆண்டின் ‘பெங்குவின்’ மாற்றம் செயற்கையாக ஈட்டப்பட்ட இணைப்புகளையும் திறவுச்சொல் பெய்தலையும் குறிவைத்தது. ஆகவே இவ்வாறு எழுதுவது தவிர்க்கவியலாத தொழில்நுட்பத் தேவை என்னும் வாதம் பொருந்தாது.

வேற்றுமை உருபு இழந்த பெயர்கள்

தமிழில் இக்குற்றம் ஆங்கிலத்தினும் ஆழமாக இறங்குகிறது. ஆங்கிலத்தில் இடப்பெயர் தன் வடிவு மாறாமல் நிற்கும். முன்னிடைச் சொற்களே மாறும். தமிழிலோ பெயர் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருமாறுகிறது. ‘பினாங்கு’ என்பது ‘பினாங்கில்’, ‘பினாங்கின்’, ‘பினாங்கிலிருந்து’ என வருகையில் ஈற்றுக் குற்றியலுகரம் கெடுகிறது. ‘தைப்பூசம்’ என்பது ‘தைப்பூசத்தை’, ‘தைப்பூசத்திற்கு’ என வருகையில் மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை தோன்றுகிறது. ‘பினாங்குத் தமிழர்’ என வல்லெழுத்து மிக்கால், எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் பொறிக்குப் ‘பினாங்கு’ என்பதும் ‘பினாங்குத்’ என்பதும் வேறுவேறு சொற்கள்.

திறவுச்சொல் சிதையாது நிற்க வேண்டும் என்று கருதும் எழுத்தாளர் இலக்கணத்தைச் சிதைக்கிறார். மேற்காட்டிய எடுத்துக்காட்டில் ‘கோயிலுக்குச் செல்ல’ என நிற்க வேண்டியது ‘கோயில் செல்ல’ என உருபிழந்தது. ‘இந்தப் பினாங்கு’ என்பது ஒற்றிழந்தது. ‘தைப்பூச வரலாறு’ என்பதற்கு மாறாகத் ‘தைப்பூசம் வரலாறு’ என எழுதுவதும் இவ்வகையினதே. இவை வழூஉச்சொல் புணர்த்தல் என்னும் குற்றத்துள் அடங்கும். அறியாமையால் நேரும் பிழையை ஆசிரியர் திருத்தலாம். அறிந்தே ஆதாயம் கருதிச் செய்யப்படும் பிழை, பலமுறை கண்ணிற் பட்டு வழக்காகிவிடும் இயல்பினது.

இதற்கும் இன்று தேவை குறைந்துள்ளது. சொற்களைச் சிறு கூறுகளாகப் பகுத்துச் சூழலோடு பொருத்திப் பொருள் காணும் ‘பெர்ட்’ என்னும் மொழிமாதிரியைக் கூகுள் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கிலத் தேடலிலும், அதே ஆண்டு டிசம்பரில் 70க்கு மேற்பட்ட மொழிகளின் தேடலிலும் புகுத்தியது. பொறி இலக்கணத்தை நோக்கி மெல்ல நடந்து வருகையில், எழுதுவோர் இலக்கணத்தை விட்டு விலகிச் செல்வது நகைப்புக்குரியது.

இரண்டு கோயில்களும் ஒரு சொற்கோவையும்

மொழிக்கு நேரும் கேட்டினும் பெரிது பொருளுக்கு நேரும் கேடு. ‘பினாங்கு முருகன் கோயில்’ என்னும் சொற்கோவையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். பினாங்குத் தமிழர் தண்ணீர்மலை என வழங்கும் பகுதியில் முருகனுக்கு இரண்டு பெருங்கோயில்கள் உள்ளன. ஒன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் அமைத்த தண்டாயுதபாணி கோயில். மற்றொன்று 2012ஆம் ஆண்டு மலைமேற் புதிதாகக் கட்டிக் குடமுழுக்குச் செய்யப்பட்ட பாலதண்டாயுதபாணி கோயில். இரண்டும் தனித்தனி நிருவாகமும் தனித்தனி வரலாறும் உடையவை. தைப்பூசத்தில் நகரத்தாரின் வெள்ளித்தேர் முன்னரே வழங்கிவர, 2017ஆம் ஆண்டு முதல் மலைக்கோயிலுக்கெனத் தங்கத்தேர் ஒன்றும் செல்கிறது.

இவ்வேறுபாடு பினாங்குத் தமிழ்ச் சமூகத்தின் உள்வரலாற்றையே தாங்கி நிற்கிறது. மிகுதியாகத் தேடப்படும் ஒரே சொற்கோவைக்குள் இரு கோயில்களையும் அடைக்கும் பக்கம் அதனை அழித்துவிடுகிறது. ஒரு கோயிலின் படத்தின்கீழ் மற்றதன் செய்தி அமர இடம் உண்டாகிறது. நன்னூல் கூறும் மயங்க வைத்தல் இதுவே. ‘தண்ணீர்மலை’ என்னும் அழகிய தமிழ்ப்பெயரும், வெளியூரார் அதனைத் தேடமாட்டார் என்னும் கணிப்பினால் கைவிடப்படுகிறது. தமிழர் கடைத்தெரு என்று வழங்கிய லெபோ பாசார் முதலிய தெருக்களின் பெயர்களுக்கும் இதே நிலை நேரலாம். தேடப்படாத பெயர் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத பெயர் பின்னர்த் தேடப்படுவதும் இல்லை.

இவ்விடத்து வணிகரைப் பழிப்பது நம் நோக்கமன்று. லிட்டில் இந்தியாவில் பூமாலை கட்டுபவர்க்கும் மளிகைக் கடைக்காரர்க்கும் ‘நாசி கண்டார்’ உணவகத்தார்க்கும் தம் கடை பிறர் கண்ணிற் படுவது வாழ்வாதாரம். ‘நாசி கண்டார்’, ‘நாசி கண்டர்’, ‘நாசி கந்தர்’ எனப் பலவாறு எழுதப்படும் ஒரு பெயரைத் தேடுவோர் எவ்வடிவில் தேடினும் கண்டடையுமாறு செய்ய அவர் விரும்புவது முறையே. பெயரின் வேறு வடிவங்களை ஒருமுறை குறிப்பிடுவது செய்தி. ஒரே வடிவத்தைப் பன்முறை பெய்வது குற்றம். இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பதே திறனாய்வின் கடமை.

நம்முடைய குறை

இக்குற்றங்களைச் சுட்டும் நாம் நம்மையும் நோக்க வேண்டும். குற்றம் மலிந்த பக்கங்கள் முன்னிடம் பெறுவதற்கு, நல்ல பக்கங்கள் தேடுபொறியின் பார்வைக்கே எட்டாமல் இருப்பதும் ஒரு காரணம். 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்களும், அவற்றுக்குப் புறம்பாகத் திஸ்கி முதலிய பிறவும் வழங்கின. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் தமிழ் ஆய்வுகள் பல பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. அவ்வெழுத்துருக்களில் அமைந்த கோப்பு மனிதக் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். தேடுபொறிக்கோ பொருளற்ற உரோமன் எழுத்துகளின் கோவையாகவே தோன்றும். அதனுள் ‘தண்ணீர்மலை’ நூறுமுறை வந்தாலும் தேடுபவர்க்கு ஒருமுறையும் கிட்டாது.

பெயர் வடிவங்களிலும் நாம் ஒழுங்கு பேணவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்திய நாகூர்ப் புலவரின் பெயர் குலாம் காதிறு நாவலர், குலாம் காதிர் நாவலர் எனப் பலவாறு காணப்படுகிறது. இதழின் பெயரும் ‘வித்யா விசாரிணி’ என மாறி வருகிறது. ஜோர்ஜ் டவுன் என நாம் எழுதுவதைத் தமிழ்நாட்டார் ஜார்ஜ் டவுன் என எழுதுகின்றனர். ஒரு வடிவத்தை முதன்மையாகக் கொண்டு, ஏனையவற்றைக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒருமுறை குறிப்பதனால் ஆய்வின் தரம் குறையாது. அதன் பயன் பெருகும்.

நாம் செய்யத்தக்கவை சிலவே. பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து வெளியிடலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப்பக்கமும் சுருக்கமும் தரலாம். மாணவர்க்குக் கட்டுரை வரைதலைக் கற்பிக்கையில், கோயிலோ தெருவோ பற்றிய ஓர் இணையப் பக்கத்தைக் கொடுத்துப் பத்துக் குற்றங்களுள் எவையெவை அதன்கண் உள்ளன எனக் காணச் செய்யலாம். நன்னூற் பாடம் தேர்வோடு முடியாமல் மாணவர் கையிற் கருவியாக நிற்க இது வழி செய்யும்.

முடிவுரை

பினாங்குத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் ‘தண்ணீர்மலை வரலாறு’ எனத் தேடும்போது எது முதலில் தோன்றுகிறதோ அதுவே அவர்க்கு வரலாறாகிறது. 2024ஆம் ஆண்டு முதல் கூகுள் பல நாடுகளில் பக்கங்களைப் பட்டியலிடுவதோடு அமையாமல் அவற்றைத் தொகுத்து விடையாகவே தருகிறது. அவ்விடையும் பொறி படிக்கக்கூடிய வடிவில் உள்ளவற்றிலிருந்துதான் அமையும். எனவே பொறியைக் குறை கூறி ஒதுங்குவதும் பொறிக்காக மொழியைத் திரிப்பதும் ஒருசேரத் தவறாகும். பாயிரத்தை முறையாக எழுதிக் குற்றங்களை முறையாகக் களைந்தால், மனித வாசகர்க்கு நல்லதாகும் உரைநடையே பொறிக்கும் தெளிவானதாகும். அவ்வுரைநடையில் பினாங்கின் தமிழ் வரலாற்றை எழுதும் பொறுப்பு தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உரியது. நாம் எழுதாது விட்டால், விளம்பரத்திற்கு எழுதப்பட்டதே அம்மாணவர்க்குப் பாடமாக அமையும்.