தீவகத்துப் பள்ளிகளும் பரோபகாரமும்

ஆசிரியரைப் போற்றும் சம்பிரதாயத்துக்கு நம்மிடையே யாதொரு குறைவுமில்லை. ஒக்டோபரில் ஆசிரியர் தினம் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரையுள்ள பள்ளிகளிலே மாலை சூட்டிப் பொன்னாடை போர்த்துப் பிரசங்கம் செய்து உபாத்தியாயர்களைக் கௌரவிக்கின்றோம். அந்தப் பக்தி மெய்யானதே. ஆயினும் அவ்வாறு போற்றப்பட்டவர் மறுநாள் வகுப்பிலே எதனைக் கொண்டு கற்பிப்பார் என்ற விசாரம் மட்டும் அரிதாகவே எழுகின்றது.

மிஷனரிமாரும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும், ஊர்ப் பெரியோரும் வளர்த்த இப்பள்ளிகள் 1960க்குப் பின் இலங்கை அரசாங்கத்தின் வசமாயின. 1990இல் மூண்ட யுத்தத்தில் வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர, கட்டடங்கள் பாழடைந்தன. அவற்றை மீண்டும் நிமிர்த்தியதில் டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழும் பழைய மாணவரின் பங்கு பெரிது. கடுங்குளிரிலும் இரவுவேலையிலும் தேடிய பணத்தைப் பிறந்த ஊரின் பிள்ளைகளுக்கு அனுப்பும் அந்தப் பரோபகாரத்தை இகழ்வது நன்றி கொன்ற செயலாகும்.

குறை வேறிடத்தில் இருக்கின்றது. கொடையாளரின் மனம் நிலைத்து நிற்பதையே நாடுகின்றது: பெயர்க்கல் பதித்த மண்டபம், நுழைவாயில் வளைவு, கணினி அறை. வெண்கட்டி தேய்ந்துபோகும், போட்டோப்பிரதிக் கடதாசி தீர்ந்துபோகும், அவற்றின்மேல் எவர் பெயரையும் பொறிக்க இயலாது. விடியற்காலையில் யாழ்ப்பாணத்திலே பஸ் ஏறிக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, நெடுந்தீவுப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலையோடு போராடிச் செல்லும் ஆசிரியை, உப்புநீர் தெறித்து நனையாதபடி பொலித்தீன் பையிற் சுற்றி மடியில் வைத்திருக்கும் வினாத்தாட் கட்டு, பல வேளைகளில் அவர் தம் சம்பளத்திற் பிரதியெடுத்ததேயாகும். இச்செலவு எந்த விழா மேடையிலும் பேசப்படுவதில்லை. மேலும், வெளிநாட்டிற் பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கும் பெரிய கல்லூரிக்குக் கிட்டும் உதவி, ஒதுங்கிக் கிடக்கும் சிறிய ஆரம்பப் பள்ளிக்குக் கிட்டுவதில்லை.

அரசாங்கத்தையும் இவ்விடத்தில் விட்டுவிடுதல் தகாது. 1945இல் இலவசக் கல்வியையும், 1980இல் இலவசப் பாடநூலையும், 1993இல் இலவசச் சீருடையையும் வழங்கி உலகம் மெச்சும் தர்மத்தைச் செய்த அதே அரசாங்கம், கற்பித்தற் பொருள்களுக்கெனத் 'தர உள்ளீடு' என்ற பெயரிற் பாடசாலைக்குத் தரும் நிதியைப் பெரும்பாலும் மாணவர் தொகையைத் தழுவியே தருகின்றது. பிள்ளைகள் குறைந்த தீவிலே நிதியும் குறைகின்றது, கடல் கடந்து பொருள் கொண்டுவரும் கூலியோ ஏறுகின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியிற் கொப்பி விலை பன்மடங்கு உயர்ந்தபின், 2025 முதல் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எழுதுகருவி வாங்க 6,000 ரூபாய் கொடுத்தது நற்செயலே. அது பிள்ளையின் பையை நிரப்புமேயன்றி வகுப்பறையின் அலுமாரியை நிரப்பாது.

தீவகத்துப் பழைய மாணவர்களே, அடுத்த மண்டபத்துக்கென்று சேர்க்கும் தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாக இட்டு, ஆண்டுதோறும் வரும் வட்டியைக் கடதாசிக்கும் ஆய்வுகூடப் பொருளுக்கும் தீவில் தங்கிக் கற்பிப்போரின் விடுதிக்கும் ஒதுக்குங்கள். செலவிடும் அதிகாரத்தை ஆசிரியரிடம் ஒப்படைத்து, கணக்கை மட்டும் கேளுங்கள்.