கைவிட்டுப் போகாத சாவி

வெளியூரிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே முதன்முறை வீட்டுக் கணினிக்குள் நுழைபவரை வாசலிலேயே ஒரு கேள்வி நிறுத்தும். இந்தக் கணினியின் கைரேகை இது, நீங்கள் தேடி வந்தது இதைத்தானா? கைரேகை என்பது எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த 43 எழுத்துச் சரம். பலர் படிக்காமலே 'யெஸ்' தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நுட்பம் தெரிந்தவர் நின்று நிதானிப்பார். வந்தவரை யாரென்று கேட்பதற்கு முன்பே வீடு தன்னை யாரென்று சொல்லிக்கொள்கிறது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் இந்தக் கலையின் முதல் அழகு அந்த மரியாதைதான்.

முந்தைய தலைமுறைக்கு டெல்நெட் இருந்தது. 1969இல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் பிறந்த அது, எங்கோ இருக்கும் கணினியைக் கைக்கு எட்டவைத்தது. ஆனால் அதில் கடவுச்சொல் தபால் அட்டையில் எழுதிய சேதி மாதிரிதான் போகும். வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ அப்படியே கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் அதற்கு எழுதிய பதில்தான் எஸ்எஸ்ஹெச். ஜூலையில் அதை இலவசமாக வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது கணிப்பு.

கோப்புகளை அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள் இருந்தன. இடையில் 22 காலியாகக் கிடந்தது. அதைத் தரும்படி, எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு யுலோனென் மின்னஞ்சல் அனுப்பினார், மறுநாளே கிடைத்தது. தான் எந்த இரண்டின் இடத்தைப் பிடிக்கப் பிறந்ததோ, அந்த இரண்டுக்கும் நடுவில் அது இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

1999இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழு எஸ்எஸ்ஹெச்சின் பழைய கட்டற்ற பதிப்பொன்றிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை உருவாக்கியது. லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் இன்று புழங்குவது இதுவே.

ரசிக்க வேண்டிய உச்சம் சாவி ஜோடி. லேப்டாப்பில் ஒரே கட்டளையில் இரண்டு சாவிகள் பிறக்கும். ஒன்று பொதுச் சாவி. எட்25519 வகையென்றால் ஏறத்தாழ 80 எழுத்து, ஒரே வரி. அதை வீட்டுக் கணினியில் ஒரு கோப்பில் ஒட்டினால் போதும். ஊரே பார்த்தாலும் கெடுதல் இல்லை. இன்னொன்று அந்தரங்கச் சாவி. அது லேப்டாப்பை விட்டு நகர்வதே இல்லை, வீட்டுக் கணினிக்குக்கூடப் போவதில்லை. நுழையும்போது போவது அந்தச் சாவி போட்ட கையெழுத்து மட்டும். கையெழுத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு: அந்த இணைப்புக்கு மட்டுமே உரிய அடையாளம் அதற்குள் பின்னப்பட்டிருக்கும். நகலெடுத்து வேறொரு வாசலில் நீட்டினால் செல்லாது.

வெளியிலிருந்து நுழையும் இந்த வழியை வீட்டில் அமைக்கும்போது தொழில் அனுபவம் தெரிந்துவிடும். ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடுவது பழைய வழி. பல வீடுகள் இன்று ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே வெளியிலிருந்து தட்ட வாசலே இல்லை. அப்போது வீட்டுக் கணினியே வெளியிலுள்ள ஒரு சர்வரை அழைத்து இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். ஊரிலிருப்பவர் அதே இணைப்பின் வழியே உள்ளே திரும்புவார். இன்னொரு வழி வயர்கார்டு என்ற விபிஎன். 2020இல் லினக்ஸ் கெர்னலுக்குள் இடம்பெற்ற இது, சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருப்பதே வெளியாருக்குத் தெரியாது.

உறங்கும் கணினியை எழுப்புவதற்கும் ஒரு மந்திரம் இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்குக்குள் 102 பைட் கொண்ட ஒரு பொட்டலம்: முதலில் எல்லா பிட்டும் ஒன்றாக உள்ள ஆறு பைட், பிறகு அந்தக் கணினியின் வன்பொருள் முகவரி (மேக் முகவரி) 16 முறை. பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தட்டி எழுப்புவது போலத்தான்.

சாவி வேலை செய்கிறதென்று உறுதியானதும், கடவுச்சொல்லால் நுழையும் வசதியை அணைத்துவிட வேண்டும். கைதேர்ந்தவர் அப்போது இணைப்பு திறந்திருக்கும் ஜன்னலை மூடமாட்டார். இரண்டாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே முதலாவதை விடுவார். அமைப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் வெளியே பூட்டப்பட்டு நிற்க வேண்டியிருக்கும்.

இந்தக் கலைக்குப் பழகிய காது எப்படிப்பட்டது என்பதை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். சுருதி விலகலை விடாத ரசிகரைப் போல அதைத் துருவிக்கொண்டே போனார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள் யாரோ ஒளித்து வைத்த கள்ளக் கதவு அகப்பட்டது. அது பெரும்பாலான கணினிகளுக்குப் பரவுமுன் தடுக்கப்பட்டது.

அப்படிப் பழகியவர் ஊருக்குக் கிளம்புமுன் வீட்டுக் கணினியின் கைரேகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்வார். போன ஊரில் லேப்டாப்பைத் திறந்து வீட்டின் வெளி முகவரிக்கு முதன்முறை இணைந்ததும் அந்தக் கேள்வி வரும். சீட்டை எடுத்து, 43 எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு, 'யெஸ்' என்று தட்டுவார்.