டேர்பைன் மண்டபமும் பீங்கான் தூசியும்

கைவிடப்பட்ட தொழிற்சாலைகள் கலைக்கூடங்களாக மாற்றப்படுவதைக் கட்டடக் கலையின் வெற்றியாகவே விமர்சகர் பலர் எடுத்துரைப்பர். இலண்டனிலுள்ள ரேற் மொடேர்ண் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. அக்கட்டடத்தில் உழைத்தவர் என்னவாயினர் என்னும் வினாவை நாம் இங்கு எழுப்ப விழைகின்றோம்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் அமைந்த இது, சேர் கைல்ஸ் கில்பேர்ட் ஸ்கொற் வடிவமைத்த பாங்சைட் மின்நிலையமாகும். 1947க்கும் 1963க்கும் இடையில் இரு கட்டங்களாக எழுந்தது. எண்ணெயை எரித்து மின்சாரம் பிறப்பித்தது. எண்ணெய் விலையேற்றத்தின் பின் கட்டுப்படியாகாது 1981இல் மூடப்பட்டது. சுவிஸ் நாட்டவரான ஹேர்சொக், டி மெறோன் ஆகியோரின் திட்டப்படி உருமாற்றப்பட்டு, 2000 மே மாதத்தில் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. கொதிகலன்கள் நின்ற பகுதி காட்சியறைகளாயிற்று. டேர்பைன் மண்டபமோ ஏறத்தாழ 155 மீற்றர் நீளமான வெற்றிடமாயிற்று. இயந்திரங்கள் அகற்றப்பட்டன, பெயர் எஞ்சியது. உயரத்தில் ஓடிய பாரந்தூக்கிகளும் விட்டுவைக்கப்பட்டன. அவை கண்ணுக்கு இனியனவே. ஆயின், அவற்றை இயக்கிய மனிதனுக்கு இவ்வழகியலில் இடமில்லை. (தென்புறத்து மின்மாற்றிகள் கலைக்கூடம் திறந்த பின்னரும் இயங்கியமையால், அவற்றின் ரீங்காரம் மண்டபத்தினுள் கேட்டவண்ணமிருந்தது. பழைய மின்நிலையத்தின் மிக நேர்மையான நினைவுச்சின்னம் அதுவே போலும்!)

மண்டபத்தினுள் எவரும் கட்டணமின்றி நுழையலாம் என்பதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நாம் சுட்டுவது வேறு.

2010 ஒக்ரோபரில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் இம்மண்டபத் தரையில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஜிங்தெசென் நகரில் ஏறத்தாழ 1,600 கைவினைஞர் அவற்றை உருவாக்கிக் கையால் வண்ணந்தீட்டியிருந்தனர். மாவோ என்னும் சூரியனை நோக்கித் திரும்பிய மக்கள் திரளின் குறியீடு என்பதே இப்படைப்பிற்குப் பெரிதும் கூறப்பட்ட பொருள். அது பிழையன்று, ஆயினும் போதாது. பார்வையாளர் விதைகளின்மீது நடந்தனர், அமர்ந்தனர், அள்ளி விளையாடினர். சில நாள்களுள் தூசி எழுந்தது. நெடுங்காலம் தொடர்ந்து சுவாசிப்பின் அது தீங்கு பயக்கலாம் எனக் கூறி நிருவாகத்தினர் உள்ளே செல்வதைத் தடைசெய்தனர். முடிவு சரியானதே. ஆனால், பீங்கான் தூசியை நெடுங்காலம் தொடர்ந்து சுவாசிப்பவர் யாவர்? பார்வையாளர் அல்லர், அத்தொழிலையே வாழ்வாகக் கொண்டோர். மட்பாண்டத் தொழிலாளரின் நுரையீரலை அரிக்கும் சிலிக்கோசிஸ் மருத்துவ உலகு நன்கறிந்த நோய். கலைக்கூடம் துடைத்தகற்றிய தொழிற்சாலை, தூசியுருவில் அம்மண்டபத்தினுள் மீண்டும் நுழைந்தது என்றே நாம் கொள்கின்றோம். கலைஞர் இதனைக் கருதியிருக்கமாட்டார். படைப்பின் வலிமையான கூற்று இதுவாகவே அமைந்துவிட்டது.

இக்காட்சித் தொடருக்கு 2000 முதல் 2012 வரை அனுசரணை வழங்கியது யுனிலீவர் நிறுவனம். அக்காலத்தில் லிப்டன் தேயிலையின் உரிமையாளர். மலையகத்தை அறிந்த நமக்கு இது வெறும் உபரித் தகவலன்று.

2012இல் ரேற் அவ்விதைகளுள் ஏறத்தாழ 80 இலட்சத்தைத் தன் நிரந்தரச் சேகரிப்புக்கு விலைகொடுத்து வாங்கியது. மண்டபத்தில் பாரந்தூக்கிகள் இன்றும் உள்ளன.