இரண்டடியில் பெத்லகேம்

சின்ன வீட்டுக்கு வாசலில் ஒரு காகித நட்சத்திரம், உள்ளே ஒரு குடில், கிறிஸ்துமஸ் வந்துவிடும். குடிலுக்கு டி.வி. மேசைக்கடியில் இரண்டடி இடம் போதும். பிரவுன் தாளைக் கசக்கி விரித்தால் மலை. வைக்கோல் போட்டால் தொழுவம். முன்கூட்டியே தட்டில் ஈரத்துணி விரித்துத் தூவிய கேழ்வரகு, பண்டிகைக்குள் புல்வெளியாகிவிடும்.

1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். நமக்குக் களிமண் பொம்மைகள். குழந்தை இயேசுவின் இடம் மட்டும் டிசம்பர் 24 நள்ளிரவு வரை காலி. குழந்தையைக் காண வரும் மூன்று ராஜாக்களைத் தினம் ஒரு விரற்கடை நகர்த்தினால், ஜனவரி 6 திருக்காட்சி விழாவுக்கு வந்து சேர்வார்கள். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் இப்படி வளராது, நகராது.