பதிவேடும் அடைமொழியும்: கனடாவின் துப்பாக்கிப் பதிவு விவாதம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தேர்தல் காலத்தில் பொருளைக் காட்டிலும் பெயரே முந்திக்கொள்வது வழக்கம். ஒரு சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாக்காளர் அறியும் முன்னரே, அதனை ஆதரிப்போர் இன்னார், எதிர்ப்போர் இன்னார் என்னும் அடையாளம் அவர்முன் வைக்கப்படுகிறது. அவ்வடையாளமே பின்னர்ச் சட்டத்தின் பொருளாகவும் கொள்ளப்படுகிறது. கனடாவில் 1995ஆம் ஆண்டு முதல் 2012ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த நீள்துப்பாக்கிப் பதிவு குறித்த விவாதம் இதற்குத் தக்க சான்றாகும். அவ்விவாதத்தில் கையாளப்பட்ட சொற்களையும் அரசியல் அடைமொழிகளையும் ஆராய்ந்து, அவை பொருளை எவ்வாறு மறைத்தன என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவாதத்தின் பின்புலம்

1989ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் மாண்ட்ரியால் நகரின் எகோல் பாலிடெக்னிக் பொறியியற் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெண்கள் என்பதனாலேயே அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொல்லப்பட்டனர். கொலைக்குப் பயன்பட்டது ஒரு நீள்துப்பாக்கி. இந்நிகழ்வே துப்பாக்கிக் கட்டுப்பாட்டைக் கனடாவின் அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது. 1991இல் கிம் கேம்பல் நீதியமைச்சராக இருந்தபோது ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து, 1995இல் ஆலன் ராக் நீதியமைச்சராக இருந்தபோது துப்பாக்கிச் சட்டம் நிறைவேறியது. வேட்டைக்கும் உழவுத் தொழிலுக்கும் பயன்படும் நீள்துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆல்பர்ட்டா மாநிலம் அதனை எதிர்த்தது. எனினும், உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அச்சட்டம் செல்லும் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

உரிமம், பதிவு, தடை

இவ்விவாதத்தை அணுகுவோர் முதலில் மூன்று சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். உரிமம் என்பது மனிதரைப் பற்றியது; இவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுடையவரா என்று வினவுவது. பதிவு என்பது கருவியைப் பற்றியது. இத்துப்பாக்கி யாருடையது என்று வினவுவது. தடை என்பது இவ்வகைத் துப்பாக்கி எவரிடமும் இருத்தலாகாது என்று முடிவு செய்வது. இம்மூன்றும் வெவ்வேறு நோக்கமும் வெவ்வேறு செலவும் உடையவை. ஆயினும், தேர்தல் மேடைகளில் இவை மூன்றும் ‘துப்பாக்கிக் கட்டுப்பாடு’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டன.

2006ஆம் ஆண்டுத் தேர்தற் பரப்புரை இக்குழப்பத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. பிரதமர் பால் மார்ட்டின் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்வதாக 2005 டிசம்பரில் வாக்குறுதி அளித்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டீபன் ஹார்ப்பர் நீள்துப்பாக்கிப் பதிவேட்டை ஒழிப்பதாக உறுதி கூறினார். இவை ஒன்றுக்கொன்று விடையாகத் தோன்றினாலும் உண்மையில் அவ்வாறு அல்ல. ஒன்று கைத்துப்பாக்கி பற்றியது. மற்றொன்று நீள்துப்பாக்கி பற்றியது. கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் கடமை கனடாவில் 1934ஆம் ஆண்டு முதலே நடைமுறையில் இருந்து வந்தது. நகர்ப்புறக் கொலைகளைக் கண்டு அஞ்சியவரும், தம் வேட்டைத் துப்பாக்கியைப் பதிவு செய்வதை வெறுத்த நாட்டுப்புற உழவரும் வெவ்வேறு பொருளைப் பற்றியே பேசினர். சொல் மட்டுமே ஒன்றாக இருந்தது.

செலவு பற்றிய வாதத்திலும் இதே நிலையைக் காணலாம். 1995இல் கட்டண வருவாய் போக நிகரச் செலவு 20 இலட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டது. 2004-05ஆம் ஆண்டளவில் மொத்தச் செலவு 100 கோடி டாலரைக் கடந்துவிடும் என்று தலைமைக் கணக்காய்வாளர் ஷீலா ஃபிரேசர் 2002 டிசம்பரில் அறிவித்தார். இது மன்னிக்கத் தக்க பிழை அன்று. ஆயினும் இரண்டு செய்திகள் மேடையில் விடுபட்டன. அத்தொகை பதிவேட்டுக்கு மட்டும் உரியதன்று. உரிமம் வழங்குதலையும் உள்ளடக்கிய முழுத் திட்டத்துக்கும் உரியது. மேலும், நாடாளுமன்றத்திற்கு உரிய கணக்கு காட்டப்படவில்லை என்பதே கணக்காய்வாளரின் தலையாய குறை. பதிவு பயனற்றது என்று அவர் முடிவு கூறவில்லை. ஒரு தரப்பு அத்தொகையைப் பதிவேட்டின் தோல்விக்குச் சான்றாக்கியது. மற்றொரு தரப்பு அதனைப் பேசாமல் கடந்து செல்ல முயன்றது. இரண்டும் நேர்மையான வாதங்கள் அல்ல.

காரணப்பெயர் இடுகுறியான நிலை

நன்னூல் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுக்கிறது. காரணம் உடையதாயினும் அக்காரணமுள்ள அனைத்துக்கும் செல்லாது ஒன்றற்கே உரியதாக நிற்கும் பெயரைக் காரண இடுகுறி என்பர். முள்ளுடைய செடிகள் பல இருக்க, ‘முள்ளி’ என்பது ஒரு செடியை மட்டும் குறிப்பது இதற்கு எடுத்துக்காட்டு. அரசியல் அடைமொழிகளும் இத்தகையனவே. ‘லிபரல்’, ‘கன்சர்வேடிவ்’, ‘முற்போக்கு’ ஆகியவை ஒரு காலத்தில் காரணம் பற்றி எழுந்தன. இன்று அவை பெரும்பாலும் கட்சியைச் சுட்டும் குறிகளாகவே நிற்கின்றன. 1942இல் மானிட்டோபாவின் முதல்வராக இருந்த ஜான் பிராக்கன் தலைமையேற்றபோது ஒரு கட்சி ‘முற்போக்குக் கன்சர்வேடிவ்’ என்று பெயர் பெற்றது. 2003இல் அது கனேடியக் கூட்டணியுடன் இணைந்தபோது ‘முற்போக்கு’ என்னும் அடை உதிர்ந்தது.

இக்குறிகளைக் கொண்டு துப்பாக்கிப் பதிவு விவாதத்தை விளக்க முற்பட்டால் சான்றுகள் இடங்கொடுப்பதில்லை. 1991ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது கன்சர்வேடிவ் அரசு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தோருள் இடதுசாரிப் புதிய ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர் பெரும்பாலோரும் அடங்குவர். 2009 நவம்பரில் பதிவேட்டை ஒழிக்கும் தனிநபர் மசோதா இரண்டாம் வாசிப்பில் நிறைவேறியபோது, லிபரல் கட்சியினர் 8 பேரும் புதிய ஜனநாயகக் கட்சியினர் 12 பேரும் அதனை ஆதரித்தனர். 2010 செப்டம்பரில் அம்மசோதா 153க்கு 151 என்னும் வாக்குக் கணக்கில் வீழ்ந்தது. இவ்வாக்குகளைப் பிரித்த கோடு நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையே ஓடியது. கட்சிப் பெயர்களுக்கு இடையே மட்டும் அன்று. கியூபெக் சட்டமன்றத்திலோ பதிவேட்டைக் காக்கும் தீர்மானங்கள் கட்சி வேறுபாடின்றி நிறைவேறின.

இவ்வாறிருக்க, பதிவை ஆதரித்தவர் ‘நேர்மையான வேட்டைக்காரரைக் குற்றவாளியாக்குவோர்’ எனவும், எதிர்த்தவர் ‘துப்பாக்கி வணிகத்தின் ஆதரவாளர்’ எனவும் சுட்டப்பட்டனர். தம் மகளை இழந்த பெற்றோருக்கும், கால்நடையைக் காக்கத் துப்பாக்கி வைத்திருந்த உழவருக்கும் இப்பெயர்களுள் எதுவும் பொருந்தாது. அடைமொழி இருவரையும் தத்தம் அணிக்குள் அடைத்து, ஒருவர் கூற்றை மற்றவர் கேளாதவாறு செய்தது. கட்டணத்தை நீக்குதல், நடைமுறையை எளிதாக்குதல், பதிவு தவறுதலைக் குற்றச் சட்டத்திலிருந்து விலக்குதல் போன்ற இடைவழிகள் பேசப்பட்டும் வலுப்பெறாமைக்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

டொராண்டோவில் பெருந்தொகையினராக வாழும் ஈழத்தமிழர் உள்ளிட்ட தமிழ் வாசகர், இவ்விவாதத்தைத் தமிழில் படிக்கும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. ‘கன்சர்வேடிவ்’ என்பதைப் ‘பழமைவாதி’ என மொழிபெயர்த்தால், தமிழில் அச்சொல் ஏற்கெனவே தாங்கி நிற்கும் இழிவுப் பொருள் கட்சிப் பெயரின்மீது படிகிறது. ‘லிபரல்’ என்பதைத் ‘தாராளவாதி’ எனில் ஈகையின் சாயல் அதனோடு சேர்ந்துவிடுகிறது. இடுகுறியாக நிற்கும் பெயரைக் காரணப்பெயராக மொழிபெயர்ப்பதால் வரும் பிழை இது. கட்சிப் பெயரை ஒலிபெயர்த்தலும், கொள்கையை மட்டும் விளக்கிக் கூறுதலும் இதனினும் சிறந்த நெறியாகும். ‘உரிமம்’, ‘பதிவு’ என்பனவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக எழுதுவதையும் தவிர்த்தல் வேண்டும்.

முடிவுரை

2011ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரும்பான்மை பெற்ற கன்சர்வேடிவ் அரசு 2012 ஏப்ரலில் நீள்துப்பாக்கிப் பதிவேட்டை ஒழித்தது. உரிமமும் கைத்துப்பாக்கிப் பதிவும் தொடர்ந்தன. திரட்டிய தரவுகளைப் பெறக் கியூபெக் தொடுத்த வழக்கு 2015இல் 5க்கு 4 என்னும் பெரும்பான்மைத் தீர்ப்பால் தோற்றது. 2016இல் அம்மாநிலம் தனக்கெனப் பதிவுச் சட்டம் இயற்றியது. 2019இல் விற்பனைக் குறிப்புகளைக் கடைகள் பேண வேண்டும் என்னும் சட்டம் வந்தபோது, எதிர்த்தோர் அதனைப் ‘பின்வாசல் பதிவேடு’ என்றனர். பதிவேடு மறைந்த பின்னரும் அதன் பெயர் அடைமொழியாக வாழ்ந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பதிவேடு உயிர்களைக் காத்ததா, காக்கவில்லையா என்பது ஆராய்ந்து விடை காண வேண்டிய வினா. அவ்வினாவை, ‘நீ எந்த அணி?’ என்னும் வினாவாக மாற்றியதே தேர்தல் மொழியின் குறை. சொல்லின் பொருளைக் கேட்டறிந்த பின்னரே சொல்பவரின் பெயரைக் கேட்பது என்னும் நெறியை வாக்காளரும் ஆய்வாளரும் ஒருங்கே மேற்கொள்ளுதல் வேண்டும். 14 உயிர்களின் இழப்பிலிருந்து எழுந்த ஒரு வினாவுக்கு நாம் செலுத்தத்தக்க குறைந்த அளவு மரியாதை அதுவே.