'குமைத்': ஒரு நிறச்சொல் படும் பாடு

ஜாஹிலிய்யாக் காலக் கவியரசர் இம்ரவுல் கைஸின் 'முஅல்லகா'வில் குதிரை வருணனை பெயர்பெற்ற பகுதி. மானின் விலாவும் தீக்கோழியின் காலும் கொண்ட அந்தப் பரியைத் தமிழாக்க முனைவோர் ஆரவாரமான உவமைகளிலெல்லாம் வென்றுவிடலாம். இடறும் இடம் ஒரு சின்னஞ்சிறு சொல்: 'குமைத்'. அதைச் 'செம்பரி' என்று எழுதிக் கடந்துவிடுவது எளிது. கடந்துவிட்டால் கவிஞர் காட்டிய குதிரை வேறு, நாம் காணும் குதிரை வேறு.

முழுச் செம்பரிக்கு அரபியில் 'அஷ்கர்' என்ற தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது உடலின் செம்மை அன்று, பிடரிமயிரும் வாலுமே. அவையும் சிவந்திருந்தால் அஷ்கர், கறுத்திருந்தால் குமைத். அகராதியாசிரியர்கள் வகுத்த இவ்வரம்பை இன்றைய மரபணுவியலும் ஒப்புகிறது. அஷ்கரின் மயிரில் கருநிறமி உண்டாவதில்லை. குமைத்தில் அது உண்டாகிப் பிடரி, வால், கால்களின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் ஒதுங்கி நிற்கிறது.

சொல்லின் அமைப்போ இன்னும் சுவையானது. அது 'தஸ்கீர்' எனப்படும் சிறுமை வடிவில் அமைந்த சொல். ஏன் என்று இலக்கண மேதை சீபவைஹி தம் ஆசான் கலீலிடம் வினவினார். கருமைக்கும் செம்மைக்கும் இடைப்பட்டு, எதிலும் முழுமையாகச் சேராமல் இரண்டுக்கும் அருகில் நிற்பதனால் என்றார் ஆசான். மதுவுக்கும் அரபியர் அப்பெயரையே வழங்கினர். 'செம்பரி'யில் அந்த இருள் எங்கே?

அந்தராவிடம் இழப்பு இன்னும் பெரிது. அவருடைய முஅல்லகாவில் ஈட்டிகள் மார்பில் பாய, கண்ணீர் மல்கத் தன் தலைவனிடம் முறையிடும் குதிரை 'அத்ஹம்', காரிருள் நிறத்தது. அபிசீனிய அடிமைத் தாய்க்குப் பிறந்து, கறுத்த மேனிக்காக இகழப்பட்டவர் அக்கவிஞர். வெறும் 'புரவி' என்று பெயர்த்துவிட்டால், ஏறியவனையும் சுமந்ததையும் இணைக்கும் நிறம் அழிந்துபோகிறது.

தமிழில் ஈடான சொல் இல்லையா? நிகண்டுகள் சேரன் குதிரையைப் 'பாடலம்' என்கின்றன. அச்சொல் வெளிர்சிவப்பையும் குறிக்கும். ஆனால் குமைத்தின் கருமை அதில் இல்லை. ஆங்கிலேயருக்குப் 'பே' என்ற சொல் இருந்தது, தப்பினார்கள். உருது 'குமைத்' என்றே எடுத்துக்கொண்டது. அரபு நாட்டுக் குதிரைகள் காயல் துறைக்கு வந்ததை 13ஆம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ பதிந்திருக்கிறார். குதிரையை ஏற்றோம், பின்னாளில் லகானையும் சவாரியையும் ஏற்றோம். இந்த ஒரு சொல்லை மட்டும் வாசலில் நிறுத்துவானேன்? முதன்முறை வருமிடத்தில் ஓர் அடிக்குறிப்பு போதும்.