கட்-ஆஃப் சொல்லாத கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்ததுமே சென்ற ஆண்டின் கட்-ஆஃப் பட்டியல்கள் கைமாறத் தொடங்குகின்றன. 'உன் மார்க்குக்கு இந்தக் கல்லூரி, இந்தப் பிரிவு' என்று சொல்வதே வழிகாட்டுதல் என்றாகிவிட்டது. இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடும் பொறியியல் கலந்தாய்வில் சிபாரிசு செல்லாது. ஆனால் இடத்தைப் பங்கிட வகுத்த அளவுகோலால் கல்லூரியையே அளப்பது பிழை. கட்-ஆஃப் காட்டுவது சேர வருபவரின் மதிப்பெண்ணை. சேர்ந்தபின் அவருக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அல்ல. 195 எடுத்தவர்களையே சேர்க்கும் கல்லூரி நல்ல தேர்ச்சி காட்டுவதில் வியப்பில்லை. 120 எடுத்தவரை அரியர் இல்லாமல் நான்காண்டில் பட்டதாரியாக்கும் கல்லூரி எது? அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்திலும் இதற்கு விடையில்லை. சேரும்போது இருந்த மதிப்பெண் வாரியாக அது பிரிக்கப்படுவதில்லை.

மார்க் குறைந்தவர் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். நிலைமை நேர்மாறானது. கலந்தாய்வில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, ஆண்டுதோறும் இடங்கள் நிரம்பாமல் மிஞ்சுகின்றன. முன்வரிசைக்காரர் சில பெயர்களுக்குள் தேர்ந்தால் போதும். கடைசிச் சுற்றில் வருபவருக்கே தெரிவுகள் அதிகம், தகவலோ மிகக் குறைவு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்களின் பாடு இன்னும் மோசம். பள்ளித் தேர்வில் கூடுதல் நேரமும் எழுதித்தர ஆளும் கிடைக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீடும் தருகிறது. அதுவும் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதவர்களுக்கே. சேர்ந்த பிறகு ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஸ்கிரைப் கேட்டு அலைய வேண்டுமா, ஆசிரியர் குறிப்புகளை முன்கூட்டித் தருவாரா என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பலாமே என்பது அடுத்த பதில். தரமணியில் சென்ட்ரல் பாலிடெக்னிக்கும் அச்சு, ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகங்களும் அருகருகே இருக்கின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணோடு சேரலாம். டிப்ளமோ முடித்து நேரே பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். நல்ல வழிதான். ஆனால் டிப்ளமோவிலும் எழுத்துத் தேர்வு உண்டு. வாசிக்கத் திணறுபவருக்குப் பட்டறை மட்டுமே துணையாகிவிடாது. விருப்பத்தைக் கேட்காமல் மார்க்கைப் பார்த்துத் தள்ளிவிடுவது, கட்-ஆஃப் வழக்கத்தின் இன்னொரு முகமே. ஒவ்வொரு கல்லூரியும் எந்த மதிப்பெண்ணில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள் என்றும், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு என்ன உதவி, யார் பொறுப்பு என்றும் வெளியிட வேண்டும். அதுவரை இந்த வழிகாட்டிகள் மாணவருக்கு அவர் நிற்கும் வரிசை எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.